ஆறாவது விரல்

“இதை நீ வரைஞ்சியா கனி, இல்ல அங்கன இருந்து சுட்டியா?”

முதலாளி இரண்டு கம்பி மத்தாப்புப் பெட்டிகளை மேசையில் போட்டார். இரண்டின் மேலும் ஒரே சிறுமி. பச்சைப் பாவாடை, வலது கையில் எரியும் மத்தாப்பு, உதிர்கிற பொறிகளை ஏந்துகிற மாதிரி விரித்த இடது கை. ஒரு பெட்டியின் லேபிள் எங்கள் அச்சகத்தில் அடித்தது, தாயில்பட்டிக் கம்பெனி ஒன்றின் ஆர்டர். இன்னொன்றை இதே சிவகாசியில் வேறோர் அச்சகம் வேறொரு கம்பெனிக்கு அடித்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அடுத்தது வாய். “என் கையால, என் மனசுல இருந்து வரைஞ்சது மொதலாளி. இவ மூஞ்சியை நான் எங்கேயும் பார்த்து எடுக்கல. திருடின்னு சொல்லணும்னா நேராச் சொல்லிப்புடுங்க” என்றேன்.

“அவுகளும் இதையேதான் சொல்றாக. அவுக டிசைனர் மாரிக்கண்ணு உனக்கு முன்னாடி தொழிலுக்கு வந்த ஆளு. தாயில்பட்டிக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறை. சனிக்கிழமை ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் கேக்கப் போறேன். ஆதாரம் இருந்தாக் கொண்டா. இல்லேன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வேலை போவதைக்கூடத் தாங்கியிருப்பேன். பாதி வாழ்க்கையை லேபிள் வரைந்தே கழித்தவள், ‘சுட்டவள்’ என்று பேர் வாங்கிக்கொண்டு இந்த ஊர்த் தெருவில் எப்படி நடப்பது? இரண்டு பெட்டிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

எடைக்குப் போன சாட்சி

பிரஷ்ஷிலிருந்து கம்ப்யூட்டருக்கு நான் மாறிய கூத்தைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். இந்தச் சிறுமி அதற்கு முந்தியவள். பிரஷ்ஷால் வரைந்து, பிலிம் எடுத்து, பிலிமிலிருந்து பிளேட் போட்டு அடித்தோம். பிலிமையெல்லாம் பிற்பாடு எடைக்குப் போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததோ, ஒரு ஐப்பசி மழையில் இடி விழுந்து அந்தப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தது.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் ஊரில் லேபிளைப் பார்த்து லேபிள் எடுப்பது கொலைக்குற்றம் இல்லை. ஒரு கம்பெனிக்குக் கிளி லேபிள் ஓடினால் அடுத்த சீசனில் நாலு கம்பெனிக்குக் கிளி வரும். ஒருத்தர் மூக்கை நீட்டுவார், ஒருத்தர் வாலைக் கூட்டுவார். விற்கிற கிளி நிற்கும், விற்காத கிளி காணாமல் போகும். நானும் அப்படி எத்தனையோ கிளி எடுத்தவள்தான். ஆனால் இந்தச் சிறுமி அப்படி வந்தவள் இல்லை என்று நெஞ்சில் அடித்துச் சொல்வேன்.

அவளிடம் எனக்கு ஒரு ரகசியமும் இருந்தது. முதன்முதலில் வரைந்தபோது அவள் இடது கையில் ஆறு விரல் போட்டுவிட்டேன். கட்டைவிரலை வரைந்து முடித்த நேரம் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, மிச்சம் நாலு என்பதை மறந்து ஐந்து விரலாக இழுத்துவிட்டேன். பிளேட் போட்டு, அடித்து, லோடு ஏறிய பிறகுதான் கண்ணில் பட்டது. அம்மாடி, அன்று எனக்கு வேர்த்த வேர்வை!

ஒருத்தரும் கவனிக்கவில்லை. மத்தாப்பு வாங்குகிறவர்கள் விரலையா எண்ணுகிறார்கள்? அடுத்த சீசனுக்கு அதே ஆர்டர் மறுபடி வந்தபோது, சத்தம் காட்டாமல் அந்த ஆறாவது விரலின் மேல் பெரிதாக ஒரு பொறியை வரைந்து மூடினேன். அதிலிருந்து அந்த மாதிரியேதான் அடித்து வருகிறோம். இத்தனை வருஷத்தில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

சந்தனம் வைத்த கல்

விருதுநகரில் அண்ணன் வீட்டுக்குப் போய் அழலாம் என்று பஸ் ஏறினேன். அண்ணன் வெளியூர் போயிருந்தார். மைனி, அதாவது அண்ணி, மட்டும் இருந்தார். வளர்மதி என்று பெயர், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். என் வயசுதான். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு சண்டை உண்டு. பரிணாமம்தான்.

எங்கள் அச்சகத்தில் பள்ளிக்கூடச் சார்ட்டும் அடிப்போம். கூனிய குரங்கில் ஆரம்பித்து நிமிர்ந்த மனிதனில் முடிகிற வரிசைக்கு வண்ணம் கொடுத்ததே நான்தான். கொடுத்துக்கொண்டே ‘புளுகு’ என்று திட்டியதும் நான்தான். மைனிக்கும் அந்தச் சார்ட்டைப் பிடிக்காது, காரணம் வேறு. “என்னமோ ரேஷன் கடையில கியூ நிக்கிற மாதிரி வரைஞ்சிருக்கீக. குரங்கு உனக்குப் பாட்டன் இல்ல கனி, பங்காளி” என்பார். “பங்காளியா இருந்தாச் சொத்தைப் பிரிச்சுக் குடுங்க” என்பேன் நான்.

அவர் மேசையில் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருப்பார். உள்ளங்கை அளவு, சுருட்டி வைத்த ஜிலேபி மாதிரி இருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது சாளக்கிராமம் என்று நினைத்து, பக்தியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டேன். மைனி சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த கல்லாம். கணவாய் வகையறாவில் ஓடு உள்ள ஓர் உயிர், கல்லாகிப் போனதாம். அங்கே எல்லாம் ஒரு காலத்தில் கடலாம். “அரியலூர்ல கடலா? பஸ்ஸு எப்படிப் போச்சு?” என்று கேட்டவள் நான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சிரிக்கவில்லை. நான் அழுததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தார். முழுக்கதையையும் சொன்னேன். ஆறு விரலையும் சேர்த்து. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

மைனி காலி டம்ளரை வாங்கி வைத்தார். அப்புறம் பிழிந்து போட்ட எலுமிச்சந்தோலைக் காட்டி, “ஆட்டுக்கு யாராவது இதைப் பிழிஞ்சு குடுத்துப் பாத்திருக்கியா?” என்றார்.

“ஆட்டுக்கு எதுக்கு மைனி?”

“அதான். அதுக்கு வேண்டாம். வைட்டமின் சியை அது உடம்பே செஞ்சுக்கிடும். நாயி, மாடு எல்லாம் அப்படித்தான். நமக்குத்தான் வெளியில இருந்து வரணும். அதைச் செய்யற மரபணு நம்மகிட்ட கெட்டுப்போச்சு.”

“இல்லாமப் போச்சுன்னு சொல்லுங்க.”

“இல்லாமப் போகல. உன் உடம்புலயும் என் உடம்புலயும் இருக்கு, உடைஞ்சு போய். பழம் தின்னு பிழைச்ச கூட்டத்துல அது உடைஞ்சது யாருக்கும் உறைக்கல. அப்படியே பிள்ளைக்குப் பிள்ளை இறங்கிக்கிட்டே வருது.”

யாரும் விரலை எண்ணவில்லை என்பது எனக்குள் லேசாகத் தட்டியது.

“சிம்பன்சிக்கும் அது உடைஞ்சிருக்கு. எப்படி உடைஞ்சிருக்குன்னு பாத்தா, நமக்கு உடைஞ்ச மாதிரியே. கினிப்பன்றிக்கும் உடைஞ்சிருக்கு, ஆனா அது வேற தினுசு. அது தனியாக் கெட்டது. நல்லா ஓடுற சாமான் ரெண்டு வீட்டுல ஒண்ணுபோல இருந்தா, ஒரே ஆசாரி செஞ்சிருப்பாருன்னு சொல்லிக்கிடலாம். ஒண்ணுக்கும் உதவாத சாமான், ஒரே மாதிரி உடைஞ்சு, ரெண்டு வீட்டுலயும் இருந்தா?”

“ஒரே வீடா இருந்து பாகம் பிரிஞ்சிருக்கும்” என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

கைப்பையைக் கவிழ்த்தேன். பிளேட் பார்க்கிற லென்ஸ் எப்போதும் என்னிடம் இருக்கும். எதிர் அச்சகத்துப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சிறுமியின் இடது கையைப் பார்த்தேன். என் பொறி அங்கே இருந்தது. என் பொறிக்குக் கீழே, நான் மூடாமல் விட்ட ஆறாவது விரலின் அடித்துண்டு, அரிசி மணி அளவுக்கு, கையோடு ஒட்டிக்கொண்டு அதுவும் இருந்தது.

“மைனி, இவுகளுக்கு இந்த மொட்டு எதுக்கு? இவுக ஆறு விரலே வரையலையே. வரையாத விரலுக்கு ஏது அடி?”

இப்போது மைனி லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். லேபிளிலிருந்து லேபிள் எடுக்கும்போது அழகு மட்டும் வராது, அழுக்கும் சேர்ந்து வரும் என்று நான் விளக்கினேன். பிளேட்டில் ஒரு கீறல் விழுந்தால் அதிலிருந்து எடுத்த எல்லாவற்றிலும் கீறல் இருக்கும். கீறலை வைத்தே எது எதிலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும். மைனி வாயைப் பிளந்து கேட்டார். “நாங்க மரபணுவுல இதையேதான்டி பாக்கோம்” என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல் நான் அவரோடு மல்லுக்கு நின்ற விஷயம், நான் தினமும் செய்கிற வேலையாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

காலண்டர் அடுக்கு

ஆனால் மைனி உடனே ஒரு முட்டுக்கட்டை போட்டார். “நீதான் அவுககிட்ட இருந்து எடுத்து, மொட்டையும் சேர்த்து எடுத்துட்டன்னு அவுக சொன்னா? ஆறு விரல் முழுசா உள்ள லேபிள் ஒண்ணு வேணும். இது ரெண்டுக்கும் முந்தினதுன்னு தெரியணும்.”

மிஷின் ஓட ஆரம்பிக்கையில் முதலில் வருகிற தாள்களில் வண்ணம் கூடிக் குறைந்து இருக்கும். அதையெல்லாம் கட்டி குடோனில் எறிவோம். பின்மூலையில் ஒரு குவியல் மட்டும் மழை ஒழுகிக் கட்டியாக ஒட்டிப் போனதால், எடைக்கு வாங்குகிறவர் தொடமாட்டேன் என்றுவிட்டார். அது அப்படியே கிடந்தது. நனையாமல் இருந்திருந்தால் என்றைக்கோ போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மைனி லீவு போட்டுவிட்டு வந்தார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு இருவரும் குவியலை மேலிருந்து பிரித்தோம்.

எங்கள் ஊர் வேலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தீபாவளி வரை பட்டாசு லேபிள் ஓடும். அது முடிந்த கையோடு காலண்டர் ஓடும். அதனால் குவியலில் ஓர் அடுக்கு லேபிள், அதன் மேல் ஓர் அடுக்கு காலண்டர், மறுபடி லேபிள், மறுபடி காலண்டர். காலண்டர் தாளில் வருஷம் இருக்கிறதே! கீழே போகப் போக வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அந்த வரிசை ஒரு இடத்திலும் மாறவில்லை.

மைனி குழந்தை மாதிரி குதித்தார். “பாறையிலயும் இப்படித்தான் கனி. எரிமலைச் சாம்பல் படிஞ்ச அடுக்கு எங்களுக்குக் காலண்டர். அதுக்கு வயசு சொல்ல முடியும். ரெண்டு சாம்பலுக்கு நடுவுல கிடக்கிற எலும்புக்கு அப்ப வயசு தெரிஞ்சுபோகும்ல?”

“எல்லா எலும்பும் கிடைக்குமா?” என்றேன். என் கையில் இருந்த அடுக்கைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது.

“எங்க கிடைக்க? நூத்துல ஒண்ணு மிஞ்சினாப் பெருசு. கிடைச்ச வரைக்கும் வரிசை மாறல, அதான் பெருசு. முயலு மீனுக்கு முந்தின பாறையில ஒருநாளும் வரல.”

கை வலித்து உட்கார்ந்தபோது திமிங்கிலத்தின் கதையைச் சொன்னார். மரபணுவைப் பார்த்தவர்கள், திமிங்கிலம் நீர்யானைக்குச் சொந்தம், ஆடு மாட்டு வகையறா என்றார்களாம். எலும்பு தோண்டுகிறவர்களில் பலபேர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்புறம் கல்லுக்குள்ளிருந்து பழைய திமிங்கிலங்கள் கிடைத்தன, காலோடு. மேற்கே கட்ச் பக்கமும் கிடைத்திருக்கின்றன, அதற்கு அங்கிட்டும். அவற்றில் சிலவற்றின் கணுக்கால் எலும்பைப் பார்த்தால், “நீ ஆட்டுக்கால் சூப்புல உறிஞ்சிட்டுப் போடுவியே, அந்த எலும்போட அதே அச்சு” என்றார் மைனி.

ஆட்டுக்கால் எலும்பு திமிங்கிலத்துக்கு! மரபணு பார்த்தவர்கள் ஒரு பக்கம், கல்லை உடைத்தவர்கள் ஒரு பக்கம். சாட்சி சொல்ல இருவரும் கூடிப் பேசி வரவில்லை. இருந்தும் ஒரே சொந்தத்தைச் சொல்கிறார்கள். இதற்கு மேல் எந்தக் கோர்ட்டுக்கு என்ன வேண்டும்?

நான் அவளை வரைந்த வருஷத்தை வைத்து மைனி போட்ட கணக்குப்படி இரண்டு காலண்டர் அடுக்குகளுக்கு நடுவில் தேடினோம். சரியாக அங்கேதான் அவள் இருந்தாள். மஞ்சள் கூடி, மூலை கருத்து, இடது கையில் ஆறு விரலும் முழுசாக. அந்த விரல் கண்ணில் பட்ட அன்று தலையில் அடித்துக்கொண்டவள், இப்போது தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

மைனி கை கழுவப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். அடியில் கிடந்த கட்டையும் பிரித்தேன்.

உள்ளே தீப்பெட்டி லேபிள்கள். பட்டாசுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் அச்சகம் சாத்தூர்த் தீப்பெட்டிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அகல லேபிளில் ஒரு சிறுமியின் முகம். என் சிறுமியின் முகம். அதே வகிடு, அதே ஓரச்சிரிப்பு. இடது காதில் கம்மல், வலது காது மூளி. நான் வரைந்தவளுக்கும் ஒரு காதில்தான் கம்மல். ஏன் என்று ஒருநாளும் என்னை நானே கேட்டதில்லை.

சின்ன வயதில் சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டியவள் நான். இந்த லேபிளைப் பசை தடவித் தடவி ஒட்டியிருக்கிறேன். முகம் கையில் ஏறிவிட்டது, எங்கே பார்த்தது என்பது மறந்துவிட்டது. மனசிலிருந்து வந்தாள் என்று இத்தனை நாள் மார்தட்டியிருக்கிறேன்.

மைனி வருவதற்குள் அதை மணிபர்சுக்குள் திணித்தேன்.

சனிக்கிழமை

மாரிக்கண்ணு அண்ணாச்சி அவர் முதலாளியோடு வந்தார். நரைத்த மனுசர், சட்டைப்பையில் இன்னும் பிரஷ் வைத்திருந்தார்.

“ரெண்டு பேருக்கு ஒண்ணுபோல யோசனை வரக்கூடாதா?” என்றார்.

“நல்லது ரெண்டு பேருக்கும் தோணலாம் அண்ணாச்சி. நான் பண்ணுன தப்பு உங்களுக்கு எப்படித் தோணும்?” என்று ஆறு விரல்காரியை விரித்தேன். மேலே கீழே கிடந்த காலண்டர் தாள்களையும் வைத்தேன். லென்ஸைக் கொடுத்தேன். என் மானத்தை நானே சந்தியில் விரிக்கிற மாதிரி இருந்தது. முதலாளி விரலை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு வந்ததும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அண்ணாச்சி லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். “மொட்டு இருக்கு. நான் கவனிக்கவே இல்ல. ஆமா, பாத்துத்தான் எடுத்தேன். அந்தப் பிள்ளை மூஞ்சி என்னமோ பிடிச்சுப்போச்சு” என்றார்.

அவர் முதலாளி எழுந்துவிட்டார். “திருட்டுப் பொழப்பு பாக்கத்தான் உன்னை வச்சிருக்கனா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அண்ணாச்சி தலை நிமிரவில்லை. என் காது சூடானது. இந்தத் தடவை கோபம் என் மேல்.

நான் ஜெயித்தாயிற்று. மணிபர்சை மூடியே வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. திறந்தேன்.

“அவரைச் சொல்லாதீக. நானும் ஒண்ணுமில்லாததுல இருந்து வரையல. இங்க பாருங்க” என்று தீப்பெட்டி லேபிளை வைத்தேன். “மனசுல இருந்துன்னு சொன்னேன் மொதலாளி. அது பொய்யின்னு நேத்துதான் எனக்கே தெரியும். இந்த ஒத்தைக் கம்மல் தப்பு இதுல இருந்துதான் எனக்கு வந்துச்சு.”

அண்ணாச்சி லேபிளைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“தப்பு இல்ல தாயி” என்றார். “இது என் தங்கச்சி. சாத்தூர்ல இருந்தப்ப நான் போட்ட முதல் லேபிளு. தீப்பெட்டி ஆபீசுல அவ கம்மல் ஒண்ணைத் தொலைச்சுப்புட்டா. அம்மா அடிச்சதுல அழுதுக்கிட்டு இருந்தவளைச் சிரிக்க வச்சு வரைஞ்சேன். ஒரு காது மூளியாத்தான் இருந்துச்சு.”

எங்கள் முதலாளி லேபிளை வாங்கி, அந்தக் காதைக் குனிந்து பார்த்தார்.

“அவ இப்ப அச்சங்குளத்துல இருக்கா. நல்லா இருக்கா. என் கூடப்பொறந்தவ மூஞ்சியை உன் பெட்டியில பாத்து, யாரு பெத்த பிள்ளையோன்னு எடுத்திருக்கேனே கனி!” என்று சொல்லிவிட்டு, அந்த நரைத்த மனுசர் எல்லார் முன்னாலும் அழுதார். நானும்தான்.

முதலாளிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் முதலாளி டீ சொன்னார். “திங்கக்கிழமை நேரத்துக்கு வந்துரு” என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போய் மைனியிடம் எல்லாம் சொன்னேன், மணிபர்சையும் சேர்த்து. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனார். மேசையில் விடைத்தாள்களின் மேல் அந்தச் சுருள்கல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை அடுக்குக்குக் கீழே கிடந்து, எத்தனை காலம் கழித்து இந்த மேசைக்கு வந்திருக்கிறது. நான்தான் அதன் முகம் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சாமி அறையிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து வைத்தேன்.

காபியோடு வந்த மைனி நின்றுவிட்டார். “ஏ கனி, மறுபடியுமா? அது சாமி இல்லன்னு சொன்னேன்ல?”

“தெரியும் மைனி. சொந்தம்னு வைக்கேன்.”

மைனி சிரிக்கவில்லை. அந்தக் குங்குமத்தை அவர் துடைக்கவும் இல்லை.